பொத்தானை அம்மா அழுத்துவார். கதவை யார் திறப்பார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நாங்கள் ஆம்புலன்ஸை நிறுத்தியபோது, வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அந்த அம்மா போட்ட விளக்கு. கிரில் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. சாவி யாரிடமும் இல்லை. தீயணைப்புப் படையினர் வந்து பூட்டை வெட்டும்வரை, குளியலறைப் பக்கத்திலிருந்து வந்த மெல்லிய முனகலைக் கேட்டபடி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தோம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 24 ஆண்டுகளாக மருத்துவ உதவி அதிகாரியாக வேலை செய்கிறேன். பழைய தோட்டத்து ஆள்கள் இன்றும் என்னை ‘டிரெசர்’ (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். தனியாக வாழ்பவர்கள் நலமாக இருக்கிறார்களா என்று தினமும் தெரிவிக்கும் செயலிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இங்கே சொல்லப்போகும் மனிதர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்ததுதான்.

அந்த அம்மாவுக்கு 74 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். வெள்ளிக்கிழமை இரவு குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு உடையவில்லை, தலையில் அடியும் இல்லை. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. சுமார் 38 மணி நேரம் சிமெண்டுத் தரையில் ஒரே பக்கமாகக் கிடந்திருக்கிறார். நாங்கள் தூக்கியபோது அவருடைய சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்தது.

விழுந்ததைவிடக் கிடந்ததுதான் அவரை அதிகம் வதைத்தது. உடம்பின் எடை ஒரே தசையை மணிக்கணக்கில் அழுத்தினால் அந்தத் தசை சிதையத் தொடங்கும். அதிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். குடிக்கத் தண்ணீரும் இல்லாவிட்டால் கேடு இன்னும் வேகமாக முற்றும். 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, வீட்டில் விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்த முதியவர்களில் பாதிப் பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் இறந்துபோனதைக் காட்டியது. ஒரு மணி நேரம்தான். நாள்கணக்கு வேண்டியதில்லை. பக்கவாதத்திலும் இதே கதைதான்: அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இரவில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்து, சர்க்கரை இறங்கி மயங்கிப்போனவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகள் ஜொகூர் பாருவில் இருக்கிறார். தினமும் காலையில் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புவது வழக்கம். சனிக்கிழமை அனுப்பியதற்கு இரண்டு சாம்பல் நிறக் கோடுகள் விழுந்தன. “போய்ச் சேர்ந்துவிட்டது, அம்மா பிறகு பார்ப்பார் என்று நினைத்தேன்” என்று சொல்லி அழுதார். இரண்டு சாம்பல் கோடுகளுக்குச் செய்தி கைத்தொலைபேசியை அடைந்துவிட்டது என்றுதான் பொருள். அந்தக் கைத்தொலைபேசி அம்மாவின் படுக்கையில் கிடந்தது. அந்தப் பெண்ணின் மேல் நான் குற்றம் சொல்லமாட்டேன். எந்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் பதற வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்ததே இல்லை. வாழ்த்துச் செய்திக்கும் நலம் உறுதிசெய்வதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் காலக்கெடுதான்.

தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த காலத்தில் இதற்குச் செயலி தேவைப்படவில்லை. ஒரே பலகைச் சுவர். பக்கத்து வீட்டு இருமல்கூடக் காதில் விழும். விடியுமுன் பிரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) போனால் மண்டோர் எனும் மேற்பார்வையாளர் பேர் கூப்பிடுவார். ஒருவர் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று விடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாகி, பலருக்கு மலிவு விலை வீடு கிடைத்தது. அது நல்லதுதான், அந்த அத்தாப்புக் கூரைக்கு யாரும் திரும்ப வேண்டாம். ஆனால் சுவர் கல்லானது, வாசலில் கிரில் வந்தது, பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். காலையில் பேர் கூப்பிட ஆளில்லை.

அந்த இடத்துக்குத்தான் தினசரி நலம் தெரிவிக்கும் செயலிகள் வருகின்றன. அடிப்படை எளிது: குறித்த நேரத்துக்குள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் முதலில் நினைவூட்டல் வரும். அதற்கும் அசைவில்லை என்றால் நாம் கொடுத்துவைத்த ஆள்களுக்குத் தகவல் போகும். 2026 ஜனவரியில் சீனாவில் ‘செத்துவிட்டாயா?’ என்று பொருள்படும் பெயருடைய செயலி ஒன்று, எட்டு யுவான் விலையில், கட்டணச் செயலிகளின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் நகரங்களில் தனியாக வாழும் இளைஞர்கள். பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை வாங்கியவர்களின் பயம் எனக்குத் தெரிந்த பயம். ஆனால் ஒன்று உறுத்தியது. அது இரண்டு நாள் காத்திருந்து மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு. முதியவர் விழுந்து கிடக்கும் வீட்டுக்கு இரண்டு நாள் என்பது இறுதிச் சடங்குக்கு ஆள் கூப்பிடும் கணக்கு.

ஆகவே நேரத்தை யோசித்து வையுங்கள். காலை எட்டு மணிக்கு அழுத்திவிட்டு எட்டரைக்கு விழுந்தால், ஒரு நாளைக்கு ஒருமுறை என்ற கணக்கில் மறுநாள் காலைவரை யாருக்கும் தெரியாது. காலையும் மாலையும் என்று இருமுறை வைத்தால் அந்த இடைவெளி பாதியாகும். நான் பார்த்த விழுதல்களில் பெரும்பாலானவை இரவிலோ விடியற்காலையிலோ கழிப்பறைக்குப் போகும் வழியில் நடந்தவை. அதனால் காலை நேரத்தை எட்டு ஒன்பது என்று தள்ளாமல், எழுந்த கையோடு வைப்பதே என் யோசனை. விடிந்ததும் மின்னல் பண்பலையைப் போடும் பெரியவர் என்றால், வானொலியைத் தட்டியதும் செயலியைத் தட்ட வேண்டியதுதான். பழைய பழக்கத்தோடு கட்டிவிட்டால் புதுப் பழக்கம் மறக்காது. ஜப்பானில் 2001லேயே ஜோஜிருஷி நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது: அவர்கள் கொண்டுவந்த வெந்நீர்க் கெண்டியைப் பெரியவர் பயன்படுத்தினாரா என்ற தகவல் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் போகும். தேநீர் குடிப்பதைத் தவிர அவர் ஒன்றும் செய்ய வேண்டாம்.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள். தகவலை அனுப்புவது அம்மாவின் கைத்தொலைபேசியா, நிறுவனத்தின் சர்வரா? கைத்தொலைபேசியே அனுப்புவதாக இருந்தால், பேட்டரி தீர்ந்துபோனாலோ தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாலோ எதுவும் போகாது. சர்வர் அனுப்பினால், அழுத்தவில்லை என்ற மௌனமே அங்கே மணியடிக்கும். தகவல் குறுஞ்செய்தியாகவோ அழைப்பாகவோ வருவது நல்லது. மின்னஞ்சலை ஞாயிற்றுக்கிழமை யார் திறக்கிறார்கள்? ஆண்ட்ராய்டில் பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு இந்தச் செயலியை உறங்கவைத்து நினைவூட்டலை நிறுத்திவிடக்கூடும். அதற்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். பிரிபெய்ட் எண்ணின் காலாவதி நாளைப் பிள்ளைகள் குறித்துவைத்து அவர்களே டாப்-அப் செய்யட்டும். எல்லாம் முடிந்ததும், ஒரு நாள் வேண்டுமென்றே அழுத்தாமல் இருந்து பாருங்கள். தகவல் எத்தனை மணிக்கு, யாருக்கு வந்தது, வந்தவர் என்ன செய்தார் என்று பாருங்கள். நான் அமைத்துக்கொடுத்த வீடுகளில் முதல் சோதனை ஒழுங்காக நடந்தது மிகக் குறைவு.

இப்போது என் மனத்தில் கிடப்பதைச் சொல்கிறேன். இந்தச் செயலிகளில் அவசரத் தொடர்புக்கு யாருடைய பெயரைப் போடுகிறார்கள் என்று பார்த்தால், மூத்த மகன் கோலாலம்பூரில், இரண்டாவது மகள் சிங்கப்பூரில், மருமகன் பினாங்கில். எல்லாரும் பாசமுள்ளவர்கள்தான். ஆனால் தகவல் வந்ததும் அவர்களால் செய்ய முடிவது அம்மாவைத் திரும்பத் திரும்ப அழைத்து, மணி அடிப்பதைக் கேட்பது மட்டுமே. முதல் பெயர், நடந்து வரக்கூடிய தூரத்தில் உள்ளவருடையதாக இருக்க வேண்டும். அவர் கையில் கிரில் சாவி இருக்க வேண்டும். அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இரண்டாவது ஆள் வேண்டும். பக்கத்து வீட்டார் மலாய்க்காரரோ சீனரோ என்றால் தயங்காதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள். நான் உடன் போய்க் கேட்ட எந்த வீட்டிலும் முடியாது என்று சொன்னதில்லை. குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்றும் பெரியவரிடம் சொல்லிவையுங்கள். 999க்கு அழைக்கும்போது சொல்ல வேண்டிய முகவரியை, எந்தக் கோயில் திருப்பம், எத்தனையாவது வரிசை என்பதோடு, குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். தோட்டத்து முகவரிகளைத் தேடி நாங்கள் சுற்றிய நிமிடங்கள் கொஞ்சமல்ல.

பெரியவர்கள் மறுப்பார்கள். “என்னை வேவு பார்க்கிறீர்களா?” என்று ஒரு முன்னாள் மண்டோர் என்னிடமே சினந்தார். வயது 81. நான் வாதாடவில்லை. “ஐயா, உங்கள் பிரட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டேன். “அறுபது பேருக்குக் குறையாது. ஒரு நாள் தப்பாமல் பேர் கூப்பிட்டிருக்கிறேன்” என்றார். வேவு பார்ப்பதற்காகவா கூப்பிட்டீர்கள் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது அவர் தம் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தனியாக இருக்கும் ஒன்பது பேருக்கு வாட்ஸ்அப் குழு வைத்து நடத்துகிறார். காலை ஏழு மணிக்குள் ஒவ்வொருவரும் குரல்பதிவில் பேர் கொடுக்க வேண்டும். ஏழேகாலுக்குப் பேர் வராத வீட்டுக்குக் கைத்தடியோடு கிளம்பிவிடுகிறார். விலைக்கு வாங்கும் எந்தச் செயலியையும்விட இதை நான் நம்புகிறேன். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அம்மா மட்டும் அழுத்தினால் அது கண்காணிப்பாகத்தான் தோன்றும். நீங்களும் அழுத்துங்கள். மகன் பத்திரமாக வேலைக்குப் போய்ச் சேர்ந்தான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அம்மாவுக்கும் உண்டு.

தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்களுக்கு 2023இல் ஐஓஎஸ் 17உடன் ஐபோனில் வந்த ‘செக் இன்’ வசதி உதவும். குறித்த நேரத்துக்குள் வீடு சேராவிட்டால், நாம் தேர்ந்தெடுத்தவருக்கு அதுவே சொல்லிவிடும். அந்த வசதி பெரும்பாலும் பயணத்துக்கானது. தனியாக இருக்கும் பாட்டிக்கு அது போதாது.

எச்சரிக்கை ஒன்று. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பை) திறந்து எந்தப் ‘பாதுகாப்புச் செயலி’யையும் நிறுவாதீர்கள். அப்படி நிறுவியதால் வங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நாட்டில் ஏராளம். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே, மோசடிப் புகார்களுக்கான 997க்கு அழையுங்கள். “அம்மா தனியாக இருக்கிறார்” என்பதைப் பெரிய குழுக்களில் எழுதவும் வேண்டாம்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். சில வாரம் இரத்தச் சுத்திகரிப்பு நடந்தது, பிறகு சிறுநீரகம் மெல்லத் தேறியது. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். காலை ஆறரைக்கு ஒருமுறை, மாலை ஏழுக்கு ஒருமுறை அழுத்துகிறார். சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் மறந்துவிட்டார். எதிர்வீட்டுப் பையன் பள்ளிச் சீருடையோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது, அவர் கொல்லையில் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தார். “என்னடா ஐயா, இவ்வளவு காலையில்?” என்று கேட்டாராம். ஜொகூரிலிருந்த மகள் அழைப்பைத் துண்டிக்காமல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.