இன்சிடென்ட் கமாண்டர்: தளபதியா, தலைவரா, பொறுப்பாளரா?

இங்க மலேசியாவுல கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க சுகாதார கிளினிக்ல, எமர்ஜென்சி டிரில் நடக்கும்போது எல்லாரும் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கிட்டு இருப்பாங்க, ஒருத்தர் மட்டும் கையில ஒன்னையும் தொடாம நின்னு பார்த்துக்கிட்டு, நடுவுல நடுவுல யார் பேராவது சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுப்பாரு. அவருதான் கமாண்டர், முழுப்பேரு இன்சிடென்ட் கமாண்டர். மலாய்ல கொமாண்டர்னே சொல்லிடுவாங்க, சின்ன அளவுல நடந்தா கெத்துவா பசுக்கான், குழுத் தலைவர்னு அர்த்தம். தமிழ்ல என்ன சொல்றது? தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கம் முதலுதவிக் கூடாரம் போடுற நம்ம பசங்க, சட்டைக்கு மேல மாட்டுற வெஸ்ட் முதுகுல தமிழ்ல அடிக்கணும்னு வாட்சப்புல கேட்டாங்க. முதல்ல வந்த பதில் ‘தளபதி’, அதுக்கு அடியில வரிசையா விசில் ஸ்டிக்கர். அதுக்கப்புறம் உருப்படியா யாரும் பேசல, அதனால இங்க எழுதுறேன்.

முதல்ல வேர். கமாண்டுங்கிறது லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. லத்தீன்ல ‘மந்தாரே’ன்னு ஒரு வினைச்சொல் இருக்கு, அதையும் பிரிச்சா ‘மானுஸ்’ன்னா கை, ‘தாரே’ன்னா கொடுக்கிறது, ஆக ஒருத்தர் கையில ஒன்னைக் கொடுத்து இது உன் பொறுப்புன்னு ஒப்படைக்கிறதுதான் அடிப்படை அர்த்தம். தேர்தல் நேரத்துல இங்க அடிக்கடி காதுல விழுற ‘மண்டாட்’ங்கிற மலாய்ச் சொல்லும் (ஜனங்க ஓட்டுப் போட்டு ஒப்படைக்கிற பொறுப்பு) இதே குடும்பம்தான். அதிகாரம், அதட்டல், உத்தரவு போடுறது எல்லாம் பின்னாடி பட்டாளத்தோட வந்து ஒட்டிக்கிட்ட அர்த்தம். இப்போ நாம கேக்குற வேலைக்கு அந்தப் பழைய ஒப்படைக்கிற அர்த்தம்தான் பொருந்துது, எப்படின்னு சொல்றேன்.

இன்சிடென்டும் லத்தீன்தான், மேல வந்து விழுறதுன்னு அர்த்தம். நம்ம பேப்பர்ல சம்பவம்னு எழுதுவாங்க, அது போதும். ‘நிகழ்வு’ன்னு மட்டும் போட்டுடாதீங்க, நிகழ்வுப் பொறுப்பாளர்னு வெஸ்ட்ல இருந்தா மைக் எங்க, வரவேற்புரை யாருன்னு வந்து கேப்பாங்க.

இந்த ரெண்டு சொல்லையும் சேர்த்து ஒரு பதவியா ஆக்கினது ஆஸ்பத்திரிக்காரங்க இல்ல, தீயணைப்புக்காரங்க. 1970-ல கலிபோர்னியாவுல காட்டுத்தீ, 13 நாள்ல 16 பேர் செத்துப்போயி 700-க்கும் மேல வீடு கட்டடமெல்லாம் எரிஞ்சுபோச்சு. பின்னாடி உக்காந்து ஆராய்ஞ்சப்போ தெரிஞ்சது என்னன்னா ஆளும் வண்டியும் இல்லாம இல்ல, ஒவ்வொரு இலாகாவும் அதுஅதுக்கு ஒரு பாஸ் வச்சுக்கிட்டு, ஒரே சாமானுக்கு ஆளுக்கொரு பேரு வச்சுக்கிட்டு, ஒருத்தர் ரேடியோ இன்னொருத்தருக்குக் கேக்காம, ஒரே பாஸ்கிட்ட எக்கச்சக்கமான பேர் வந்து ரிப்போர்ட் பண்ணிக்கிட்டு கிடந்திருக்காங்க. அதைச் சரிபண்ணக் கட்டினதுதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம். எல்லாருக்கும் ஒரே பேருச்சொல், ஒரு ஆளுக்கு ஒரே மேலாள், ஒரு மேலாளுக்குக் கீழ 3-லிருந்து 7 பேர், முடிஞ்சா 5 பேர். 1991-ல அதே கலிபோர்னியாவுல ஆரஞ்ச் கவுண்டியில ஆஸ்பத்திரிக்குன்னு இதை மாத்தி எழுதினாங்க, ஒவ்வொரு பதவிக்கும் என்னென்ன செய்யணும்னு ஒரு தாள் வச்சு. புதுசா வந்தவன் அந்தத் தாளைக் கையில வாங்கினான்னா வேலையைத் தொடங்கிடலாம். மறுபடி கைக்குத்தான் வருது பாருங்க!

நம்ம ஊருக்கு வருவோம். 1988 ஜூலை 31, பட்டர்வொர்த் ஃபெர்ரி ஜெட்டி இடிஞ்சு விழுந்துச்சு, 32 பேர் இறந்தாங்க, காயம் பட்டவங்க 1600-க்கும் மேல, இங்க பெரியவங்க இன்னிக்கும் பேசுற விஷயம். 1993 டிசம்பர்ல சிலாங்கூர்ல ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சாஞ்சு 48 பேர் இறந்தாங்க. 1997-லதான் எம்.கே.என். 20-ன்னு சொல்ற ஆணை, அதாவது தேசியப் பாதுகாப்பு மன்றத்தோட 20-ம் ஆணை, வந்துச்சு, பேரிடர் வந்தா யார் என்ன பொறுப்புன்னு சொல்றது, 2012-ல திருத்தினாங்க. அந்த ஆணைப்படி சம்பவ இடத்துல மொத்தத்துக்கும் கமாண்டர் போலிஸ், துணைக்குப் பொம்பா, அதான் தீயணைப்புப் படை. டாக்டர் இல்ல! இது நிறைய பேருக்குத் தெரியாது. மருத்துவக் குழுவுக்குத் தனியா மெடிக்கல் கமாண்டர் உண்டு, அவரு ஆபத்தான இடத்துக்கு வெளிய இருக்கிற மஞ்சள் ஸோன்ல, காயம் பட்டவங்களைப் பார்க்கிற மெடிக்கல் பேஸ்ல இருப்பாரு, ஆபத்தான இடமான சிவப்பு ஸோனுக்குள்ள அவர் இஷ்டத்துக்கு ஆள் அனுப்ப முடியாது. ஏன்னா அங்க கட்டடம் இன்னும் விழலாம், கரண்ட் கம்பி கிடக்கலாம், போலிஸும் பொம்பாவும் சரின்னு சொல்லணும்.

கிளினிக்குக்குள்ள நடக்கிறது இதைவிடச் சின்னது, ஆனா இங்கதான் சொல் ரொம்ப உதைக்குது. மருந்து கவுண்டர் வரிசையில ஒரு பெரியவர் பொத்துன்னு விழுறாருன்னு வச்சுக்குங்க. பக்கத்துல இருக்கிறது ஒரு எம்.ஏ. (மெடிக்கல் அசிஸ்டென்ட், டாக்டருக்கு உதவியாளர், இப்போ பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்னு நீட்டிச் சொன்னாலும் ஜனங்க வாயில இன்னும் எம்.ஏ.தான்), ஒரு மிஸ்ஸி (நர்ஸ்), ஒரு அட்டெண்டன்ட், டாக்டர் மாடியில ரூம்ல. மூச்சு இல்ல, நாடி இல்ல. எம்.ஏ. மிஸ்ஸியை நெஞ்சமுக்கச் சொல்றாரு, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாம, 2 நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாத்தணும், இல்லன்னா கை தளர்ந்து ஆழம் குறைஞ்சிடும். அட்டெண்டன்ட் எமர்ஜென்சி டிராலியைத் தள்ளிட்டு வராரு, இன்னொரு மிஸ்ஸி ஆம்புலன்ஸுக்கு 999 அடிச்சுட்டு வந்து எந்த நேரத்துக்கு என்ன மருந்து போச்சுன்னு எழுத ஆரம்பிக்குது. எம்.ஏ. கால்மாட்டுல நிக்கிறாரு, எல்லாம் கண்ணுல படுற இடம் அதுதான். இந்த நிமிஷத்துக்கு அவருதான் கமாண்டர். படிப்புல பெரியவங்க மாடியில இருக்காங்கங்கிறது இங்க கணக்குல வராது.

இப்போ டாக்டர் இறங்கி ஓடி வராங்க. குழப்பம் இங்கதான். டாக்டர் ஒன்னு சொல்ல எம்.ஏ. ஒன்னு சொல்ல, மிஸ்ஸி யாரைப் பார்க்கும்? அதனால வாய் திறந்து கேக்கணும், “டாக்டர், நாக் அம்பில் அலிஹ்?” எடுத்துக்கிறீங்களான்னு அர்த்தம். இதுவரைக்கும் என்ன நடந்ததுன்னு ரெண்டு வரி சொல்லணும், எத்தனை மணிக்கு விழுந்தாரு, எத்தனை ஷாக் கொடுத்தாச்சு, கடைசி அட்ரினலின் எப்போ. டாக்டர் “ஓகே, நான் எடுத்துக்கிறேன்”னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லணும். இல்ல “நீங்களே நடத்துங்க, நான் மூச்சுக்குழாயைப் பார்க்கிறேன்”னு சொன்னாலும் சரிதான், அப்போ டாக்டர் எம்.ஏ. சொல்றபடி வேலை செய்வாங்க. நம்ம ஆளுங்களுக்கு இதுதான் சங்கடம், பெரியவங்க இருக்கும்போது எப்படி நான்னு வாய் வராது. பதவி வேற, அந்த நேரத்துப் பொறுப்பு வேறன்னு டிரில்ல திரும்பத் திரும்ப செஞ்சாதான் வாய் வரும். மருந்து சொன்னாலும் அப்படித்தான், “அட்ரினலின் ஒரு மில்லிகிராம்”னு சொன்னா போடுறவங்க அதையே திருப்பிச் சொல்லிட்டுப் போடணும், போட்டதும் போட்டாச்சுன்னு சொல்லணும்.

சரி, தமிழ்ச்சொல். தளபதி சரிப்படாது. தளம்னா இதுல படை, பதின்னா தலைவன், வடமொழியில இருந்து வந்த போர்க்களச் சொல், கேட்டாலே குதிரையும் கொடியும் ஞாபகம் வருது. தலைவர்ங்கிறது இங்க ஏற்கெனவே கட்சி, சங்கம், மன்றம்னு ஆயிரம் பேருக்குப் போயிடுச்சு, அதுவும் ஒருமுறை தலைவர்னா அடுத்த தேர்தல் வரைக்கும் தலைவர், எம்.ஏ. டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷத்துல ஒப்படைக்கிற மாதிரி யாரும் ஒப்படைக்க மாட்டாங்க. பெண்ணா இருந்தா தலைவியான்னு வேற ஒரு பஞ்சாயத்து. கட்டளையாளர்னு அப்படியே மொழிபெயர்த்தா அதிகாரம் மட்டும்தான் தெரியும், ஒப்படைப்பு போயிடும்.

என் ஓட்டு பொறுப்பாளருக்கு. பொறுங்கிற வேருக்குச் சுமக்கிறதுன்னும் அர்த்தம், பொறுமையா இருக்கிறதுன்னும் அர்த்தம், ரெண்டும் கால்மாட்டுல நிக்கிற ஆளுக்கு வேணும். பொறுப்பை ஏத்துக்கலாம், ஒப்படைக்கலாம், நம்ம பேச்சுவழக்குலயே அப்படித்தான் இருக்கு, லத்தீன்காரன் கையில கொடுத்ததும் இதுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்.

ஒரே ஒரு தொல்லை. நம்ம கோயில்ல நிர்வாகக் குழுவையும் பொறுப்பாளர்கள்னுதான் சொல்றோம். தைப்பூசத்துல கூடாரத்துல இருந்து “பொறுப்பாளர் எங்க?”ன்னு கத்தினா மாலையும் வேட்டியுமா நாலு பேர் வந்து நிப்பாங்க. அதனால வெஸ்ட்ல ‘மருத்துவப் பொறுப்பாளர்’னு முழுசா அடிங்க, கீழ சின்னதா மலாய்லயும் போட்டுடுங்க, போலிஸுக்கும் பொம்பாவுக்கும் படிக்கத் தெரியணும். கிளினிக் டிரில் தாள் தமிழ்ல வேணும்னா அங்க ‘சம்பவப் பொறுப்பாளர்’, அவருக்கு அடுத்த ஆள் ‘துணைப் பொறுப்பாளர்’, எழுதுறவங்க ‘பதிவாளர்’. ரெஸ்பான்ஸ் டீமுக்கு ‘எதிர்வினைக் குழு’ன்னு ஒருத்தர் போட்டிருந்தாரு, அது கெமிஸ்ட்ரி லேப் மாதிரி இருக்கு, ‘உடனடி உதவிக் குழு’ன்னு போட்டா அம்மாச்சிக்கும் புரியும். வெஸ்ட் மட்டும் ஆள் பேரு போட்டு தைக்காதீங்க, பொறுப்பு மாறினா அதே வெஸ்டைக் கழட்டி அடுத்தவர்கிட்ட கொடுக்கணும்.