“செயின்தானே, அது பாட்டுக்கு ஓடும்” என்று விட்டுவிடாதீர்கள்

மறுபடியும் ஒரு பழைய டொயோட்டா வியோஸ், இழுவை லோரியில் வந்து இறங்கியது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் எஞ்சினில் அழுத்தமே இல்லாமல் விர்ரென்று சுற்றுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எந்தப் பட்டறை ஃபோர்மேனுக்கும் வயிறு கலங்கும். பிஸ்டனையும் வால்வுகளையும் முறை தவறாமல் ஓட வைக்கும் டைமிங் செயின் பல் தாவி, பிஸ்டன் வால்வுகளில் இடித்து, வால்வுகள் வளைந்துவிட்டன. வண்டிக்காரர் தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்க்கும் கங்காணி. “காலையில சலசலன்னு ஒரு சத்தம் வரும்ணே, கொஞ்ச நேரத்துல நின்னுடும். செயின் வண்டிக்கு அதெல்லாம் பார்க்க வேணாம்னு சொன்னாங்க” என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எல்லாரும்தான்.

அந்த ‘எல்லாரும்’ மேல்தான் எனக்குக் கோபம். இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நம் வீடுகளில் இருந்தவை புரோட்டோன் சாகா, ஈஸ்வரா, வீரா, பெரோடுவா கஞ்சில். எல்லாமே டைமிங் பெல்ட் வண்டிகள். பெல்ட் ரப்பர் என்பதால் அதற்குத் தவணை உண்டு. மாற்றாமல் விட்டால் நடு ரோட்டில் அறுந்து நிற்கும். அப்புறம் மைவி வந்தது, வியோஸ் வந்தது, செயின் வந்தது. சர்வீஸ் புத்தகத்தில் செயினை மாற்றும் கிலோமீட்டர் எதுவும் போடவில்லை. உடனே நம் ஆட்கள் அதற்கு ‘மாற்றவே வேண்டாம்’ என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். தவணை போடாததற்குக் காரணம், அது தேயும் வேகம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதுதான். தேயவே தேயாது என்று எந்த எஞ்சினியரும் எழுதித் தரவில்லை.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்வோமே, இரும்புத் தகடு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் கோக்கும் சிறு ஆணி மயிரிழை அளவு தேய்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளின் தேய்மானம் சேர்ந்தால் செயின் தளர்கிறது. தளர்வை இழுத்துப் பிடிக்க ஒரு டென்ஷனர் இருக்கிறது. அது வேலை செய்வது எண்ணெய் அழுத்தத்தில். செயின் உரசி ஓடும் கைடுகளின் மேல்பரப்பு பிளாஸ்டிக். ஆக, எஞ்சின் எண்ணெய் கெட்டால் இந்த மூன்றும் சேர்ந்தே கெடும். பெல்ட்டுக்குக் காலண்டர் எதிரி என்றால் செயினுக்கு அழுக்கு எண்ணெய் எதிரி. இதை எத்தனை தடவைதான் சொல்வது!

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 2007-இல் எங்கள் சிலாங்கூர் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட தென்னமரம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பழ லோரியும் டிராக்டரும் ஓடப் போட்ட செம்மண் பாதையில்தான் இன்று நம் கார்களும் ஓடுகின்றன. குவார்ட்டர்ஸிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை, கடையிலிருந்து வீடு. எண்ணெய் சரியாகச் சூடேறும் முன்பே எஞ்சினை நிறுத்துகிறோம். நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. பிள்ளை வரும்வரை பள்ளி வாசலில் ஏர்கோண் போட்டுக்கொண்டு எஞ்சினை ஓட விடுகிறோம். அந்த நேரத்தில் எஞ்சின் சுற்றுகிறது, மீட்டர் சுற்றுவதில்லை. அதனால் “1 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு” என்று தோட்டத்து வண்டிக்காரர் சொன்னால் நான் நம்பிவிட மாட்டேன். தினமும் ஹைவேயில் கோலாலம்பூர் போய்வரும் வண்டி 3 லட்சம் ஓடியும் செயின் நல்லபடியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். செகண்ட் ஹேண்ட் வண்டியாக இருந்தால் மீட்டர் உண்மை சொல்கிறதா என்பதே தனிக் கேள்வி.

ஆக, “2 லட்சம் ஆயிடுச்சு, செயினை மாத்திடலாமா?” என்று கேட்பவருக்கும் என் பதில், முதலில் பார்ப்போம் என்பதுதான். கிலோமீட்டரைப் பார்த்து மாற்றுவது பெல்ட் வேலை.

சத்தத்திலிருந்து தொடங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பானெட்டைத் திறந்து வைத்து வேறு யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஒரு நொடி சலசலத்து அடங்கினால் பதறாதீர்கள். மலிவான எண்ணெய் ஃபில்டரில், எண்ணெய் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு சரியாக இருக்காது. நல்ல ஃபில்டரும் புது எண்ணெயும் போட்டதுமே அந்தச் சத்தம் போன வண்டிகள் உண்டு. நாலைந்து நொடி நீடித்தாலோ, சூடான பிறகும் கேட்டாலோ, தள்ளிப்போடாதீர்கள். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0016 என்ற கோளாறு எண் வந்தால், பிஸ்டனோடு சுழலும் கிராங்க்கும் வால்வைத் திறக்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். சென்சார் கோளாறாகவும் இருக்கலாம், ஆனால் சத்தமும் சேர்ந்து இருந்தால் சந்தேகம் செயின் மேல்தான்.

இங்கே தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அல்டர்னேட்டர் பேரிங், தண்ணீர் பம்ப், டென்ஷன் புல்லி எல்லாம் அதே பக்கத்தில்தான் சத்தம் போடும். இவற்றை ஓட்டும் வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடி மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். சத்தம் போய்விட்டால் செயினைத் தொடாதீர்கள். அதுகூடப் பார்க்காமல் “செயின் கிட் போடணும்” என்று பில் எழுதுகிறவர்களால்தான் ஃபோர்மேன் என்றாலே நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சந்தேகம் உறுதியானால் வால்வு கவரைத் திறக்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் கருப்புப் பசை ஒட்டியிருந்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். அந்த வியோஸில் டென்ஷனர் தண்டு கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் வெளியே நீண்டிருந்தது. இனி இழுக்க அதனிடம் நீளம் இல்லை. ஆயில் பேனைக் கழற்றினால், பம்பின் சல்லடையில் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் சீவல்கள். கைடு தேய்ந்து உதிர்ந்தவை அவை. அந்தச் சல்லடை அடைத்தால் எண்ணெய் மேலே ஏறாது. செயினோடு நிற்காமல் எஞ்சினே போகும்.

மாற்றுவது என்று முடிவானால் செயின், டென்ஷனர், கைடுகள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பல் சக்கரங்களின் பல் கொக்கி போல வளைந்திருந்தால் அவையும் போக வேண்டும். முன் கவரைத் திறந்த கையோடு கிராங்க் சீலையும் புதிதாகப் போட்டுவிடலாம், அது சில்லறைக் காசு. “செயினை மட்டும் போடுங்கண்ணே, மத்தது நல்லாத்தானே இருக்கு” என்று மிச்சம் பிடிக்காதீர்கள். இதில் பெரிய செலவு கவரைத் திறந்து மூடும் கூலி. அதை ஏன் இரண்டு தடவை கொடுக்கிறீர்கள்?

இன்னொரு பழக்கம் உண்டு: சத்தம் வந்ததும் கெட்டியான 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றுவது. காலையில் அது டென்ஷனரை எட்டுவதற்கு இன்னும் நேரம் எடுக்கும். மெல்லிய எண்ணெய்க்காகத் துளை போட்ட வால்வு டைமிங் பாகங்களும் தடுமாறும். சூடான பின் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும், தேய்மானம் பாட்டுக்கு நடக்கும். தயவுசெய்து வேண்டாம்.

எஞ்சினின் மற்ற உறுப்புகளையும் பார்க்காமல் செயினுக்குக் காசு போடாதீர்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் குடிக்காமல், நீலப் புகை விடாமல் இருந்தால் 3 லட்சம் ஓடியிருந்தாலும் செயின் வேலைக்குத் தகுதியான எஞ்சின்தான், தைரியமாகச் செய்யலாம். எண்ணெய் டாப்-அப் பண்ணிப் பண்ணியே ஓடுகிற எஞ்சினுக்குப் புதுச் செயின் போடுவது வீண். அந்த நிலையில் ஹாஃப்-கட் எஞ்சின், அதாவது வேறொரு பழைய வண்டியை வெட்டி எடுத்த எஞ்சின், யோசிக்கலாம், ஆனால் அதுவும் பழைய எஞ்சின்தான். வண்டியில் ஏற்றும் முன்பே, தரையில் இருக்கும்போதே, அதன் கவரைத் திறந்து செயினைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு திறந்தால் வேலை இரட்டிப்பு.

ஓடும்போது சத்தம் திடீரென்று கூடி எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி மறுபடி ஸ்டார்ட் போடாதீர்கள், தள்ளியும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இரண்டு வால்வோடு போயிருக்க வேண்டியது எட்டாகிவிடும். லோரியைக் கூப்பிடுங்கள்.

உங்கள் வண்டி பெல்ட்டா செயினா என்று தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய 2.5 டீசல் டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள்கூட அதைச் செயின் என்று நினைத்து ஓட்டுகிறார்கள். அது பெல்ட், 1,50,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில், தோட்டத்துக்குள் ஓடும் வண்டி என்றால் 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். செயின் வேலை செய்தவர்கள் பழைய பாகங்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். வண்டி 1,000 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றுங்கள். உள்ளே மிச்சம் இருந்த துகளெல்லாம் அதோடு வெளியே வந்துவிடும்.