மலையில் பார் மூடிய பிறகு

ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்தாயிற்று, அறையும் பதிவு செய்தாயிற்று என்றதும் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் நண்பர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர், அங்கே நல்ல பார் எது? காக்டெயில் எங்கே நன்றாக இருக்கும்?" அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக இரவுப் பணி பார்க்கிறவனிடம் கேட்கத் தகுந்த கேள்விதானா என்று எனக்கே சிரிப்பு வரும். இருந்தாலும் தெரிந்ததைச் சொல்வேன். சொல்லிவிட்டு, பார் மூடிய பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். அதற்கு இதுவரை ஒருவரும் யோசித்து வைத்த பதில் சொன்னதில்லை.

பெங்களூரில் இருப்பது போன்ற பப் வீதிகள் நீலகிரியிலும் இல்லை, கொடைக்கானலிலும் இல்லை. டாஸ்மாக் கடையும் அதை ஒட்டிய பாரும் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடிவிடும். உரிமம் பெற்ற ஓட்டல்களின் பார்கள் அதற்குச் சற்றுப் பிறகு மூடும். 1841-இல் தொடங்கிய ஊட்டி கிளப், ஸ்னூக்கர் ஆட்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் புகழ்பெற்ற இடம்தான் என்றாலும், உறுப்பினரோ அவருடைய விருந்தினரோ அல்லாதவர்களுக்கு அங்கே வேலையில்லை. காக்டெயிலை அளந்து, முறையாகக் கலந்து தருகிற இடம் வேண்டுமென்றால், கணப்பு எரியும் பழைய பெரிய ஓட்டல்கள் சிலவற்றுக்குத்தான் போக வேண்டும். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் ஊட்டியின் கமர்ஷியல் சாலையில் கடைகள் ஒவ்வொன்றாக அடைபட, சேரிங் கிராஸில் பனிமூட்டமும் தெருவிளக்கும் மட்டும் மிஞ்சும். ஆகவே மலைக்கு வந்தவர்களின் இரவு பாரில் நடப்பதில்லை. வாங்கி வைத்த பாட்டில்களோடு அது காட்டேஜுக்கும், கேம்ப் ஃபயருக்கும், சாலையோரம் நிறுத்திய காருக்கும் இடம் மாறுகிறது. எங்களிடம் கொண்டுவரப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கிருந்துதான் வருகிறார்கள். அளந்து ஊற்றும் பார் கவுண்டரிலிருந்து நேராக வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களிடம் சொல்லப்படும் முதல் பொய் அதைப் பற்றியதுதான். "எவ்வளவு குடித்தார்?" என்று கேட்டால், உடன் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "ரெண்டே ரெண்டு பீர்தான் சார்" என்பார்கள். அந்த இரண்டு பீர் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். 30 மில்லி பிராந்தியில், அதாவது ஒரு ஸ்மாலில், ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம் இருக்கிறது; அது நான்கு ஸ்மாலுக்குச் சமம். குவார்ட்டர் என்பது ஆறு ஸ்மால். லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்று பெயரில் மட்டும் டீயாக இருக்கும் காக்டெயிலில், ஐந்து வகை மதுவை 15 மில்லி வீதம் அளந்து ஊற்றினாலேகூட ஒரே கோப்பையில் ஏறக்குறைய இரண்டரை ஸ்மால் சேர்ந்துவிடும். காட்டேஜில் நண்பர் கண்ணளவாக ஊற்றும்போது அது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இனிப்பும் எலுமிச்சையும் கோலாவும் நாக்குக்குத்தான் காரத்தை மறைக்கின்றன, கல்லீரலுக்கு அல்ல.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 8 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். காபி, மோர், எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. இந்தக் கணக்கின்படி, இரவு பத்து மணிக்கு முடித்த அந்த "ரெண்டே ரெண்டு" ஸ்ட்ராங் பீர், விடிந்து காலை ஆறு, ஏழு மணிக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். கூட்டத்துக்கு முன் இறங்கிவிடலாம் என்று காலை ஆறு மணிக்குக் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு வண்டியை எடுக்கிறவர், "நேத்து குடிச்சதுதானே" என்று நம்பியபடி 14 கொண்டை ஊசி வளைவுகளில் போதையோடு இறங்குகிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம் என்கிறது; முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சுமார் 60 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் ஒரு லார்ஜ், அதாவது இரண்டு ஸ்மால், குடித்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடுவார். சமவெளிச் சாலையில் அரை நொடித் தாமதத்துக்குப் பம்பரோடு முடிந்து போகலாம். பர்லியார் வளைவில், பனிமூட்டத்துக்குள், பலாப்பழக் காலத்தில் யானை குறுக்கே நிற்கக்கூடிய சாலையில் அப்படி முடியாது. வத்தலக்குண்டுக்கு இறங்கும் கொடைக்கானல் மலைச்சாலைக்கும் இது பொருந்தும். இரவில் மைசூர்ப் பக்கம் போய்விடலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள்; பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

"குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால் தெரியாது" என்று மலையில் எல்லோரும் சொல்வார்கள். தெரியாது என்பது உண்மைதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மது தோலடி ரத்தக் குழாய்களை விரிக்கிறது, உடலின் உள்ளே காப்பாற்றப்பட வேண்டிய சூடு தோலுக்கு வந்து வெளியேறுகிறது, கன்னம் கதகதக்கிறது, நடுக்கமும் அடங்குகிறது. நடுக்கம் என்பது உடல் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் வழி என்பதால், அது நின்றதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் உறைபனி விழும் இரவுகளில் மட்டும் நடப்பதல்ல இது. ஜூலை மழையில் நனைந்த சட்டையோடு, காற்று வீசும் புல்வெளியில் கேம்ப் ஃபயர் அணைந்த பிறகும் அங்கேயே தூங்கிப்போன இருபது சொச்சம் வயது இளைஞர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவருடைய காது மடல் ஃபிரிட்ஜில் வைத்த வெற்றிலை போல இருந்தது. எங்கள் சிஸ்டர் இரண்டு முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தும் 'லோ' என்று மட்டுமே காட்டியது. உடல் வெப்பம் மிகவும் கீழே போய்விட்டால் சாதாரணத் தெர்மாமீட்டரால் அளக்க முடியாது. வரும் வழியில் நண்பர்கள் அவருடைய உள்ளங்காலில் கொதிக்கும் வெந்நீர்ப் பாட்டிலை வைத்திருந்தார்கள். உணர்விழந்த காலில் கொப்புளம் எழும்பியது அவருக்கே தெரியவில்லை. ஈரத் துணியைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலையையும் சேர்த்துப் போர்த்தி, உதவி வரும் வரை காற்றுப் படாத அறைக்குள் வைத்தால் போதும். நெருப்பும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம், "சூட்டுக்காக" இன்னொரு மடக்கும் வேண்டாம்.

கேம்ப் ஃபயரைச் சுற்றி உடைந்து கிடக்கும் பாட்டிலில் வெறுங்காலோடு மிதித்துத் தையல் போட வருகிறவர்கள் தனிக் கணக்கு. காட்டுக்குள் வீசப்படும் பாட்டில்கள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் தலையிட்டதால்தான் 2022-இல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. அந்தப் பத்து ரூபாயை யானைக்காக இல்லாவிட்டாலும் உங்கள் காலுக்காகவாவது திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை குறையும்போது கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரித்து ஈடுகட்டும்; மது இருக்கும்போது அந்த வேலை தடைபடுகிறது. மாலையில் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஆம்லெட்டும் மிக்சரும் கொறித்துவிட்டுக் குடித்தால், விடியற்காலையில் சர்க்கரை சரிந்துவிடும். ஐம்பதைக் கடந்த ஒருவரை, பள்ளித் தோழர்கள் ஒன்றுகூடிய சுற்றுலாவில், மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் எங்களிடம் கொண்டுவந்தார்கள். "போதை தெளியட்டும்னு விட்டுட்டோம் சார்" என்றார்கள். குளுக்கோமீட்டரில் 34 என்று இருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண் திறந்து, "ரூம் காலி பண்ணியாச்சா?" என்று கேட்டார், தோழர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிக்க முடியவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் "தெளிய" விட்டிருந்தால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். வியர்வை, உளறல், தள்ளாட்டம், தூக்கம் எல்லாம் போதை, சர்க்கரைக் குறைவு இரண்டுக்கும் பொது என்பதால் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. கூட்டத்தில் சர்க்கரை நோயாளி ஒருவர் இருந்தால் குளுக்கோமீட்டரும் கையோடு மலையேறட்டும்.

மலைக்கே உரிய இன்னொரு கூட்டணி வாந்தி மாத்திரை. கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து அவோமின் போன்ற மாத்திரையை மேட்டுப்பாளையத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதன் தூக்கம் பல மணி நேரம் நீடிக்கும். மாலையில் அதன் மேல் மது சேரும்போது வழக்கமாகத் தாங்குகிற அளவே ஆளைச் சாய்த்துவிடுகிறது. பிறகு "மலை உயரத்தில் போதை இரட்டிப்பாக ஏறும்" என்று ஒரு விளக்கம் வேறு சொல்கிறார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் குடித்தாலும் கடற்கரையில் குடித்தாலும் ரத்தத்தில் சேரும் ஆல்கஹால் ஒன்றுதான்.

இனி நான் மிகவும் அஞ்சுகிற விஷயத்துக்கு வருகிறேன். பார்பிக்யூ முடிந்ததும் மிஞ்சிய கரிக்கங்குகளை இரும்புச் சட்டியில் அள்ளிவந்து, அறைக்குள் வைத்து, குளிர் புகாதபடி கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை இல்லாத சிவந்த கங்கு பாதுகாப்பானது என்ற நம்பிக்கை முற்றிலும் தவறு. அந்த வாயு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், தூக்கம் என்று அதன் அறிகுறிகள் அனைத்தும் மது மயக்கத்தைப் போலவே இருப்பதால், குடித்தவர் அதைக் குடியின் கணக்கில் எழுதிவிட்டுப் புரண்டு படுக்கிறார். அப்படிப் படுத்த மூன்று நண்பர்களில் ஒருவர் சிறுநீர் கழிக்க எழுந்து, கதவைத் திறந்த கையோடு வாசலிலேயே விழுந்திருக்கிறார். திறந்து கிடந்த அந்தக் கதவால்தான் மூவரும் பிழைத்தார்கள். அவர்களைக் கொண்டுவந்தபோது விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 99 என்று காட்டியது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தமாகவே காட்டிவிடும் கருவி அது. "ரூம்ல கரி வெச்சிருந்தீங்களா?" என்று கேட்கத் தோன்றியிராவிட்டால், நாங்களும் அதைப் போதை என்றே எழுதியிருக்கக்கூடும். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரியும் கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அறைக்குள் கரி வேண்டவே வேண்டாம். விடுதிக்காரரிடம் இன்னும் இரண்டு கம்பளி கேளுங்கள்.

அதே காரணத்துக்காகத்தான் உங்கள் ஓட்டுநரைப் பற்றியும் கேட்கிறேன். நீங்கள் வாடகை வண்டியில் வந்து, குடித்துவிட்டு ஓட்டாமல் இருப்பது நல்ல முடிவு. ஆனால் அந்த அண்ணன் படுக்க இடமில்லாமல், வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றி, ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவார். அதில் இரக்கப்பட்டு நீங்கள் அவரிடம் ஒரு குவார்ட்டரை நீட்டுவீர்கள். மறுநாள் காலை உங்கள் குடும்பத்தைக் கீழே இறக்கப் போகிறவர் அவர்தான். பாட்டிலுக்குப் பதிலாக அவருக்கு ஒரு படுக்கைக்குப் பணம் கொடுங்கள்.

கடைசியாக, ஒருவர் எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது, வலிப்பு வருகிறது என்றால் தெளியும் வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மல்லாத்திப் படுக்கவிடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகாதபடி ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலவே கூடாது. குடித்ததையும் சாப்பிட்ட மாத்திரையையும் எங்களிடம் மறைக்காதீர்கள். சிகிச்சை முதலில், மற்றது பிறகு. ஊட்டியிலிருந்து கோவையின் பெரிய மருத்துவமனைகள் 85 கிலோமீட்டருக்கு மேல். இரவில் மலை இறங்கிப் போய்ச் சேர இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், நீங்கள் இங்கே தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் அதோடு சேரும். தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் காட்டேஜுக்குப் பெயர்ப் பலகையும் இருக்காது, பல இடங்களில் சிக்னலும் இருக்காது; ஆம்புலன்ஸ் பிரிவுச் சாலையைத் தவறவிட்டுப் பனியில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருப்பதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். அழைத்த கையோடு, குடிக்காத ஒருவர் கையில் டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு வந்து அந்தத் திருப்பத்தில் நிற்கட்டும்.