ப்ளீச்சிங்: வெளுப்பு வேறு, சாயநீக்கம் வேறு

பழைய காகிதத்திலிருந்து கூழ் எடுக்கும் ஆலைகளில் நிறம் போக்கும் எந்த வேலையையும் பொதுவாக ‘ப்ளீச்சிங்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் வேதியியலில் எதிரெதிரான இரண்டு வேலைகள் அடங்கிவிடுகின்றன.

‘ப்ளீச்’ பழைய ஆங்கிலத்திலிருந்தே வருவது. வெண்மையாக்குதல் என்பது பொருள். துணியை வெட்டவெளியில் விரித்து வெயிலில் காயவைத்து வெளுத்த காலத்துச் சொல் அது. 1774-இல் வேதியியலாளர் ஷீலே குளோரினைக் கண்டறிந்தார். 1785-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தொலே அதைத் துணி வெளுக்கப் பயன்படுத்திக் காட்டினார். அதன்பின் வெயிலின் வேலை ரசாயனத்தின் கைக்கு வந்தது.

தமிழில் ‘வெளுத்தல்’ இருக்கிறது. வெள்ளை, வெள்ளி, வெளிறு எல்லாம் ‘வெள்’ என்ற ஒரே வேரில் கிளைத்தவை. ‘துணி வெளுத்தது’, ‘துணியை வெளுத்தார்’ என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வினை நின்று பேசுகிறது. இப்படி ஒரு சொல் கையில் இருக்க, ‘வெண்மையாக்கம்’ என்று நீட்டத் தேவையில்லை.

ஆனால் ‘வெளுப்பு’ எல்லா இடத்துக்கும் பொருந்தாது. செய்தித்தாள் கூழில், மர நார்களை ஒட்டவைக்கும் பொருளான லிக்னின் நிறைய உண்டு. காரம் பட்டால் அது மஞ்சளிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் லிக்னின் கரைந்து போவதில்லை. அதில் நிறம் தரும் பகுதிகள் மட்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்து மாறுகின்றன. இதுதான் வெளுப்பு.

அதே கூழில் இளஞ்சிவப்பு ரசீதுத்தாள் கலந்திருந்தால்? காகிதச் சாயங்களில் பல அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்புதான் அவற்றின் நிறத்துக்குக் காரணம். பெராக்சைடுக்கு அது எளிதில் மசியாது. ஆக்சிஜனேற்றத்துக்கு நேர் எதிரான வேலை செய்யும் சோடியம் ஹைட்ரோசல்பைட் போன்ற ஒடுக்கிகள் அந்தப் பிணைப்பையே அறுத்துவிடும்; போன நிறம் திரும்பாது. காற்றுப் பட்டால் ஹைட்ரோசல்பைட் வீரியம் இழந்துவிடும் என்பதால், காற்றுப் புகாதபடி கூழில் கலக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘கலர் ஸ்ட்ரிப்பிங்’ எனப்படும் இந்த வேலைக்கு ‘சாயநீக்கம்’ என்பதே சரி. ‘நிறநீக்கம்’ என்பாரும் உண்டு. லிக்னினின் மஞ்சளும் நிறம்தானே, அதனால் அந்தச் சொல் இரண்டையும் மறுபடி கலந்துவிடுகிறது.

அச்சு மையைச் சோப்பும் காற்றுக் குமிழியும் கொண்டு மிதக்கவைத்து வழித்தெடுப்பது இவ்விரண்டிலும் சேராது, அது ‘மைநீக்கம்’.

பொருள்களுக்கும் இதே வழியில் பெயரிடலாம்: பெராக்சைடு வெளுப்பான், ஹைட்ரோசல்பைட் சாயநீக்கி.