கருகின மலை செத்துப் போகல, கடுகைத்தான் புடுங்கணும்

மலை எரிஞ்ச மறு வாரமே எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "விதை தூவ எப்ப வரலாம்?" நல்ல மனசோடதான் கேக்குறாங்க, ஆனா தயவுசெஞ்சு தூவாதீங்க.

நான் தெற்கு கலிஃபோர்னியால சான்டா மோனிகா மலைப் பக்கம் புதர்க்காட்டை மீட்டெடுக்குற வேலை பாக்குறேன். 2018 நவம்பர்ல வுல்சின்னு பேர் வச்ச காட்டுத்தீ வந்து கிட்டத்தட்ட 97,000 ஏக்கர் எரிஞ்சுது. எங்க பாத்தாலும் கரிக்குச்சியும் சாம்பலும்தான். ஆனா கருகி நிக்குற சமீஸ் புதரோட அடில சாம்பலை விரலால ஒதுக்கிப் பாத்தா முடிச்சு முடிச்சா ஒரு கட்டை இருக்கும், உயிர் அதுலதான் இருக்கு, கொஞ்ச நாள்லயே அங்கருந்து துளிர் வந்துரும். சியானோதஸ்னு இன்னொரு புதர், அதுல சில வகைக்கு அந்தக் கட்டை கிடையாது, செடி மொத்தமா செத்துரும், ஆனா வருஷக்கணக்கா மண்ணுக்குள்ள கெடந்த அதோட விதைங்க அந்தத் தீச்சூடு பட்டாதான் கண்ணு முழிக்கும். அதனால 30 வருஷத்துக்கு மேல இடைவெளி விட்டு தீ வந்தா இந்தக் காடு தாங்கிக்கும், பத்து வருஷத்துக்குள்ள மறுபடி வந்தா புதுச் செடிங்க காய்ச்சு மண்ணுல விதை சேர்க்குறதுக்கு முன்னாடியே எரிஞ்சு போயிரும், அதுக்கப்புறம் அந்த இடத்துல வெறும் புல்லுதான்.

அந்த ரெண்டாவது தீயைக் கூட்டிட்டு வர்றது யாருன்னா கருங்கடுகு, நம்ம வீட்ல தாளிக்கிற கடுகு சாதிதான். வெளிநாட்டுலருந்து வந்த செடி, மழை பெஞ்ச உடனே முளைச்சு ஆளை மறைக்கிற உயரத்துக்குப் போயிரும். மலையெல்லாம் மஞ்சளா பூத்து நிக்கும், ஜனங்க வண்டிய நிறுத்தி போட்டோ எடுப்பாங்க, எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். கோடை வந்தா அத்தனையும் காஞ்ச விறகு. புரோம் புல்லும் இதே கதைதான்.

இங்க மே தொடங்கி அக்டோபர் வரைக்கும் மழையே கெடையாதுன்னு சொல்லலாம், அந்தக் காலம் தொடங்குறதுக்குள்ள சின்னச் செடி வேரை ஆழமா எறக்கியாகணும், ஆனா மேல் மண்ணுல இருக்குற ஈரத்தை கடுகும் புல்லும் முன்னாடியே குடிச்சு முடிச்சிரும். 2012லருந்து 2016 வரைக்கும் இருந்த வறட்சில பெரிய புதர்களே காஞ்சு போச்சு, விரல் உயரக் கன்னு என்ன பண்ணும்? மார்ச்ல கடுகுக்கு நடுவுல பச்சையா பாத்த சியானோதஸ் கன்னை ஆகஸ்ட்ல போய்த் தொட்டேன், பொடிஞ்சு கையில வந்துச்சு. பத்தடி தள்ளி நாங்க கடுகு புடுங்கின இடத்துல அதே மாதிரி கன்னுங்க நிக்குது.

முன்னாடியெல்லாம் மலை எரிஞ்சா மண் அரிக்கக்கூடாதுன்னு ஹெலிகாப்டர்ல ரை புல் விதை தூவுவாங்க, அதுவும் இந்தக் கன்னுங்களுக்குப் போட்டியாத்தான் வந்து நின்னுச்சு. எரிஞ்ச இடத்துல பாதைய விட்டு எறங்காதீங்க, ஷூவுல ஒட்டின விதையத் தட்டிட்டு வாங்க. வீட்டச் சுத்தி காஞ்ச புல்லை உச்சி வெயில்ல மெஷின் வச்சு வெட்டாதீங்க, பிளேடு கல்லுல பட்டா பொறி பறக்கும், விடியக்காலைல வெட்டுங்க. கடுகு புடுங்க வர்றவங்க பிப்ரவரி, மார்ச்ல மண்ணு ஈரமா இருக்கும்போதே வாங்க, அப்பதான் வேரோட வரும். பூத்துட்டா பையில போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போகணும், அங்கயே போட்டா புடுங்கின செடிகூட காய் முத்தி விதை உதுத்துரும்.