குழந்தையின் ஒன்பதாம் மாத நிமோனியா தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களில் சேலத்திலுள்ள என் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் மலைக்குழந்தைகள் பலரின் பெற்றோரும் “நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுங்க” என்றே தொடங்குவார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணிப் பார்ப்பேன். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையை மூச்சு எட்டினாலோ, மூச்சை இழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ அதை நிமோனியாவாக (நுரையீரல் தொற்றாக) கருதி உடனே சிகிச்சை தொடங்க வேண்டும்.

நிமோனியாவுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, நலமாக இருப்பவர்களின் மூக்கிலும் தொண்டையிலும்கூடத் தங்கியிருக்கும் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அது நுரையீரலைத் தாக்குவதோடு இரத்தத்திலும் மூளை உறையிலும் பரவக்கூடியது. அதன் மேலுறை சர்க்கரைப் பொருளால் ஆனது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் அவ்வுறையைத் தனியாகக் கண்டால் போதிய எதிர்ப்பாற்றலை உருவாக்காது என்பதால், அதை ஒரு புரதத்துடன் பிணைத்தே குழந்தைகளுக்கான தடுப்பூசியைத் தயாரிக்கிறார்கள். 2021 முதல் நாடு முழுவதும் அரசு இதை ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணைகளாக இலவசமாகப் போடுகிறது.

முதல் இரண்டு தவணைகளுக்குத் தவறாமல் வரும் தாய்மார்கள், வேலைக்காகத் தோட்டம் மாறும்போது மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். பதினொரு மாதக் குழந்தை ஒன்றின் தடுப்பூசி அட்டையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்ததைச் சுட்டியபோது, “ரெண்டு ஊசி போட்டாச்சுங்களே, புள்ள நல்லாத்தான இருந்துச்சு” என்றார் பாட்டி. அந்தக் குழந்தைக்கு வந்த நிமோனியா எந்தக் கிருமியால் வந்தது என்று நான் உறுதியாகச் சொல்ல இயலாது. இந்தத் தடுப்பூசி எல்லா நிமோனியாவையும் தடுப்பதும் இல்லை. ஆனால் முதல் இரண்டு ஊசிகளால் உண்டான எதிர்ப்பாற்றல் மெல்லக் குறைந்துவரும் வேளையில், அதை மீண்டும் உயர்த்தி இரண்டாம் வயதுக்கும் கொண்டுசெல்வது இந்த மூன்றாவது ஊசிதான்.

முதல் தவணையை ஒரு வயதுக்குள் போட்டிருந்தால், விட்டுப்போன தவணையைப் பிறகும் போட்டுக்கொள்ளலாம். எந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாலும் அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை நர்ஸம்மாவிடம் காட்டுங்கள்.