நால்வரைக் கொன்றவன்மேல் இரக்கம் எப்படி வருகிறது?

1959 நவம்பர் 15 அதிகாலை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்ற சிற்றூரில் ஒரு வீட்டுக்குள் புகுந்த இரண்டு பேர், கிளட்டர் குடும்பத்தில் நால்வரைக் கொன்றார்கள். இந்த வழக்கைப் பற்றி ட்ரூமன் கபோட்டி எழுதிய ‘இன் கோல்ட் பிளட்’ 1966-இல் நூலாக வந்தது. படித்து முடித்தபோது என் மனதில் நின்றது கொலையாளிகளில் ஒருவனான பெர்ரி ஸ்மித்தான். விபத்தில் நொறுங்கிய கால்கள், ஓயாமல் மெல்லும் ஆஸ்பிரின், அனாதை இல்லத்தில் வாங்கிய அடி எல்லாம் நினைவிருந்தன. செத்துப்போன 15 வயதுப் பையனைப் பற்றிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அது வெகுநாள் உறுத்தியது.

நாம் தவறு செய்தால் சூழ்நிலையைச் சொல்வோம், அடுத்தவர் செய்தால் அவர் குணமே அப்படி என்போம். சூழ்நிலையை மறந்து குணத்தையே குற்றம் சொல்லும் இந்தப் பழக்கத்துக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்ற பொருளில் பெயர் வைத்தார். செய்தித்தாள் கொலையை மட்டும் சொல்லும்போது நாம் இந்தப் பிழையைச் செய்கிறோம். நூலோ அதற்கு முந்தைய முப்பது வருடத்தையும் சொல்கிறது. நமக்கு நாமே காட்டும் சலுகையை அவனுக்கும் கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம்.

இன்னொன்று, யார் கண் வழியே பார்க்கிறோம் என்பது. மெலனி கிரீன், திமத்தி பிராக் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் வாசகர்களுக்கு ஒரு கதை தரப்பட்டது. வணிக வளாகத்தில் மனநல நோயாளி ஒருவன் ஒரு சிறுமியைக் கொல்கிறான். கதையின் மையத்தில் இருப்பவள் அவளுடைய அக்கா. கதைக்குள் ஆழ்ந்து போனவர்கள், அத்தகைய நோயாளிகளின் சுதந்திரத்தைக் குறைக்க வேண்டும் என்ற பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். உண்மைக்கதை என்று சொன்னாலும் கற்பனை என்று சொன்னாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

கொலையாளியின் குரலைக் கேட்டால்? உளவியலாளர் டேனியல் பேட்சனின் குழு 1997-இல் இதைப் பற்றியும் ஓர் ஆய்வை வெளியிட்டது. தண்டனை பெற்ற ஒரு கொலையாளியின் பேட்டியைச் சிலர் அவன் மனநிலையைக் கற்பனை செய்தபடி கேட்டார்கள், சிலர் விலகி நின்று கேட்டார்கள். கொலையாளிகள் பற்றிய கருத்து அப்போதைக்குப் பெரிதாக மாறவில்லை. ஓரிரு வாரம் கழித்து, சம்பந்தமே இல்லாததுபோல் தொலைபேசியில் கேட்டபோது, கற்பனை செய்தவர்கள் இளகியிருந்தார்கள். கேட்கும்போது நாம் உஷாராக இருக்கிறோம், அப்புறம் அசந்துவிடுகிறோம் என்றே எனக்குப் படுகிறது.

சொற்களும் இதற்குத் துணைபோகின்றன. ‘சுட்டான்’ என்பது ‘துப்பாக்கி வெடித்தது’ என்று மாறும்போது ஒரு ஆள் காணாமல் போகிறான்.

இதில் பொய் எதுவும் தேவையில்லை. பெர்ரி 1965 ஏப்ரலில் தூக்கிலிடப்படும்வரை கபோட்டி அவனிடம் பேச முடிந்தது. இறந்தவர்களிடம் யார் பேட்டி எடுப்பது? நூலின் நான்கு பாகங்களில் கிளட்டர்கள் உயிரோடு நடமாடுவது முதல் பாகத்தில் மட்டும்தான். அதை மறுபடி திறந்து படித்தேன். அந்தப் பையன் தன் கடைசி நாளில், அக்காவின் கல்யாணத்துக்காகத் தானே செய்த மரப்பெட்டிக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தான்.